சிரிக்கத் தயங்கும் பிள்ளைகளும் பற்களைச் சீராக்கும் 'பொண்டிங்' சிகிச்சையும்

மற்றவரை முகமலர்ச்சியோடு பார்ப்பதையும் ஒரு ஸதகாவாகவே நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்தார்கள். தான் இஸ்லாத்தைத் தழுவிய நாள் முதல், தன்னைக் காணும் போதெல்லாம் நபியவர்கள் புன்னகை செய்தே பார்த்தார்கள் என்று ஜரீர் (ரழி) அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கையில் காசு பணம் இல்லாதவரும் கொடுக்கக்கூடிய ஸதகா இது. ஆனால் இந்த ஸதகாவைக் கொடுக்கவும் தயங்குகின்ற பிள்ளைகள் எமது வீடுகளில் இருக்கிறார்கள்.

முன்பல் பாதியாக உடைந்த பிள்ளை, பற்களில் பழுப்புக் கறை படிந்த பிள்ளை, இரண்டு பற்களுக்கு இடையே பெரிய இடைவெளி உள்ள பிள்ளை என்று இவர்கள் பல விதம். சிரிக்கும்போது கை தானாகவே வாயை மூடுகிறது. சிலர் கதைக்கும்போதும் முக்காட்டின் ஓரத்தை இழுத்து வாயை மறைத்துக் கொள்கிறார்கள். வகுப்பில் விடை தெரிந்திருந்தும் எழுந்து சொல்வதில்லை. கலியாணப் பேச்சு வரும் வயதில் இந்தக் குறை இன்னும் பெரிதாகிவிடுகிறது. பெண் பார்க்க வருபவர்கள் பிள்ளையின் குணத்தையும் மார்க்கப் பற்றையும் கேட்பதற்கு முன்னர் பல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். உம்மாமார் மனம் நொந்து போகிறார்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தஜ்வீத் கற்பிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று புள்ளி 'ஸா', புள்ளி வைத்த 'தால்', புள்ளி வைத்த 'ளா' ஆகிய மூன்று எழுத்துக்களும் நாக்கின் நுனி மேல்வரிசை முன்பற்களின் ஓரத்தைத் தொடும்போதுதான் பிறக்கின்றன. 'ஃபா' பிறப்பதற்குக் கீழுதடு அதே பற்களின் நுனியைத் தொட வேண்டும். அந்தப் பற்கள் உடைந்திருந்தால் எழுத்து வழுக்குகிறது. 'ஸீன்', 'ஸாத்' போன்றவற்றில் காற்று விசிலடிக்கிறது. ஓதல் மண்டபத்தில் எத்தனையோ பிள்ளைகள் சரியாக ஓத முயன்றும் முடியாமல் தலை குனிவதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். திறமைக் குறைவென்று அந்தப் பிள்ளையை நினைத்துவிடக் கூடாது. பல்லைப் பார்க்க வேண்டும்.

இத்தகைய குறைகள் பலவற்றுக்கு இன்று இலகுவான ஒரு சிகிச்சை இருக்கிறது. பல் வைத்தியர்கள் அதை 'பொண்டிங்' என்கிறார்கள். ஒட்டுதல் என்பது அதன் பொருள். அது எப்படிப்பட்டது, யாருக்குப் பொருந்தும், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா என்பவற்றைத் தாய்மாரும் சகோதரிகளும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பல்லில் எப்படி ஒட்டுகிறது?

பல் எப்போதும் ஈரமானது, வழுவழுப்பானது. அதன்மேல் எதையும் நிலையாக ஒட்ட முடியாது என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். அதனால் பல்லைக் குடைந்து, துளைக்குள் மருந்தை இறுக்கி அடைப்பதே வழக்கமாக இருந்தது. 1955 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கல் புவனகோர் என்ற பல் ஆய்வாளர் புதிய வழி ஒன்றைக் காட்டினார். உலோகத்தில் வர்ணப் பூச்சு நன்கு பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் முதலில் அமிலம் பூசுவார்கள். அதே முறையைப் பல்லில் செய்து பார்த்தால் என்னவென்று அவர் சிந்தித்தார். பல்லின் மேற்பரப்பான மிளிரியில் பொஸ்போரிக் அமிலத்தைச் சிறிது நேரம் பூசிக் கழுவியபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதில் உண்டாயின. பூசப்பட்ட பிசின் அந்தத் துளைகளுக்குள் இறங்கி, வேர் விட்டது போல் பிடித்துக் கொண்டது. பின்னர் 1962 இல் ரஃபாயல் போவன் என்ற இன்னோர் அமெரிக்கர் பற்களுக்கு ஏற்ற உறுதியான பிசின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் பாவிக்கப்படும் 'கொம்பொசிட்' என்ற பற்பொருள் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின் வழியில் வந்தது. பிசினும் கண்ணாடி போன்ற மிக நுண்ணிய துகள்களும் கலந்தது அது. பல்லின் நிறத்துக்கு ஏற்பப் பல சாயல்களில் கிடைக்கிறது.

நாற்காலியில் என்ன நடக்கிறது?

பயப்பட எதுவுமில்லை. முன்பல்லின் மேற்பரப்பில் மட்டும் வேலை என்றால் பெரும்பாலும் ஊசியும் போடமாட்டார்கள், குடைதலும் இருக்காது. சூத்தை இருந்தால் மட்டும் அதை முதலில் அகற்ற வேண்டிவரும்.

பல்லைச் சுத்தம் செய்து, பல் காய்ந்து போவதற்கு முன்னரே பொருத்தமான நிறத்தைத் தெரிவு செய்வார்கள். காய்ந்த பல் வழமையை விட வெள்ளையாகத் தெரியும் என்பதே இதற்குக் காரணம். பிறகு எச்சில் படாதவாறு பஞ்சோ இறப்பர் விரிப்போ வைத்து, அமிலக் களியை 15 முதல் 30 செக்கன்கள் வரை பூசி, நன்கு கழுவி, உலர்த்துவார்கள். அந்த இடம் சுண்ணாம்பு போல் மங்கலாகத் தெரியும். அதன்மேல் ஒட்டும் திரவத்தைப் பூசி, களிபோன்ற கொம்பொசிட்டைச் சிறிது சிறிதாக வைத்து, பல்லின் வடிவத்தைக் கையாலேயே அமைப்பார்கள். ஒவ்வொரு படையின் மீதும் சில செக்கன்கள் நீல நிற ஒளியைப் பாய்ச்சியதும் அது கல்லைப்போல் இறுகிவிடும். அந்த ஒளியை நேரே பார்க்கக் கூடாது. அதனால்தான் செம்மஞ்சள் நிறக் கண்ணாடியையோ மறைப்பையோ பிடிப்பார்கள். கடைசியில் அழுத்தித் தேய்த்து மினுக்கினால் எது சொந்தப் பல், எது ஒட்டியது என்று இலகுவில் தெரியாது. ஒரு பல்லுக்கு அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை செல்லலாம். அன்றே வீடு திரும்பலாம்.

பீங்கான் 'வெனியர்' எனப்படும் மெல்லிய ஓடு ஒட்டுவதென்றால் பொதுவாகப் பல்லின் முன்புறத்தைச் சுமார் அரை மில்லிமீற்றர் அளவுக்குச் சீவ வேண்டிவரும். முழுப் பல்லுக்கும் உறை போடுவதென்றால் நாலா பக்கமும் சீவ வேண்டும். சீவிய மிளிரி திரும்ப வளராது. பொண்டிங்கில் சொந்தப் பல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. செலவும் அவற்றை விடக் குறைவு. வளரும் பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் இதனையே முதலில் சிபாரிசு செய்வது இதனால்தான்.

இதன் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். பீங்கானைப் போல் இது நீடிக்காது. கவனமாக வைத்துக் கொண்டால் ஐந்து, ஏழு வருடங்கள் இருக்கலாம். சிலருக்கு அதற்கும் மேல் இருக்கும், சிலருக்கு முன்னரே ஓரம் தெறிக்கும். தெறித்த இடத்தை மட்டும் மீண்டும் ஒட்டிக் கொள்ள முடிவது ஒரு வசதி.

பழுப்புப் பற்களும் கிணற்றுத் தண்ணீரும்

எமது நாட்டில் பல் கறைக்கு வெற்றிலையும் புகையும் மட்டும் காரணமல்ல. அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர் வலய மாவட்டங்களுக்குப் போனால், வெற்றிலையைத் தொட்டும் பாராத சிறு பிள்ளைகளின் பற்களில் வெண்திட்டுக்களையும் பழுப்புக் கோடுகளையும் காணலாம். அங்குள்ள நிலத்தடி நீரில், குறிப்பாகக் குழாய்க் கிணறுகள் பலவற்றில், புளோரைட் என்ற உப்பு மிகையாக இருப்பதே காரணம். அளவான புளோரைட் பல்லைச் சூத்தையிலிருந்து காக்கும். ஒரு லீற்றர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெயிலில் அதிகம் தண்ணீர் குடிக்கும் எம்மவருக்கு அதைவிடக் குறைந்த அளவே நல்லதென்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

தாய்மார் இங்கே விளங்கிக் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் கறை பல்லின் மேல் வந்து படிவதல்ல. பல் முரசுக்குள் உருவாகிக் கொண்டிருக்கும் காலத்திலேயே மிளிரிக்குள் ஏற்படும் குறை அது. ஆகவே பிறந்தது முதல் சுமார் எட்டு வயது வரையுள்ள காலமே ஆபத்தான காலம். அந்த வயது கடந்த பின்னர் ஒருவர் அதே தண்ணீரைக் குடிக்கத் தொடங்கினால் முன்பற்கள் பழுப்பாவதில்லை. அதேபோல், குறையோடு முளைத்த பல்லை எத்தனை தடவை துலக்கினாலும் கறை போகாது. கரியும் உப்பும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தால் இருக்கின்ற மிளிரியும் தேய்ந்து போகும். பிள்ளை பல் துலக்குவதில்லை என்று ஏசுவதில் பயனுமில்லை, நியாயமுமில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும். அந்தப் பகுதிகளில் இப்போது பல கிராமங்களில் நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் நிறுவப்பட்டிருக்கின்றன. குடிக்கவும், சோறு சமைக்கவும், குழந்தைக்குப் பால்மா கரைக்கவும் அந்தத் தண்ணீரையோ சுத்தமாகச் சேகரித்த மழைநீரையோ பாவிக்கலாம். உங்கள் கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பற்பசையிலும் அளவு வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஓர் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 'டெட்ராசைக்கிளின்' வகை மருந்துகளைக் கர்ப்பிணிகளோ எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோ உட்கொண்டால் பிள்ளையின் பற்கள் சாம்பலும் பழுப்புமாக மாறலாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கறை வந்துவிட்டதென்றால் என்ன செய்வது? இலேசான கறையை மேலோட்டமாகச் சுரண்டி மினுக்கியோ, வெளுக்கும் மருந்து வைத்தோ குறைக்கலாம். அதற்கும் போகாத பழுப்பையும் சிறு குழிகளையும் பொண்டிங் மூலம் மறைக்கலாம். மிளிரி மிகவும் பழுதடைந்திருந்தால் பிடிமானம் குறையும். அப்போது வேறு சிகிச்சை தேவைப்படலாம். வெளுப்பதும் ஒட்டுவதும் இரண்டும் செய்வதென்றால் முதலில் வெளுத்து, சுமார் இரண்டு வாரங்கள் கழித்தே ஒட்ட வேண்டும். உடனே ஒட்டினால் சரியாகப் பிடிக்காது. ஒட்டிய பொருளைப் பின்னர் வெளுக்கவும் முடியாது.

விளையாட்டில் பல் உடைந்தால்

பிள்ளைகளின் முன்பல் பெரும்பாலும் சைக்கிளிலிருந்தோ மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ விழும்போதுதான் உடைகிறது. அந்த நேரத்தில் உம்மா பதறாமல் உடைந்த துண்டைத் தேடி எடுக்க வேண்டும். அதைப் பாலிலோ தண்ணீரிலோ போட்டு வைத்தியரிடம் கொண்டு போனால், அதே துண்டையே பொண்டிங் முறையில் திரும்ப ஒட்டிவிட வாய்ப்புண்டு. துண்டு கிடைக்காவிட்டால் கொம்பொசிட்டால் பல்லைக் கட்டியெழுப்பலாம். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ இரத்தம் கசிந்தாலோ நரம்பு வெளிப்பட்டிருக்கிறது என்று பொருள். அன்றே காட்ட வேண்டும்.

நிலையான பல் வேரோடு கழன்று விழுந்திருந்தால் வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கிருந்தால் பாலில் இலேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்துக் கடிக்கச் செய்யுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே ஓடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் போனால் பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பாற்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. அடியில் வளரும் நிலையான பல்லை அது பாதிக்கும்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?

சகோதரிகள் பலர் கேட்கும் கேள்வி இது. அழகுக்காகப் பற்களுக்கு இடையே இடைவெளி உண்டாக்கிக் கொள்ளும் பெண்களை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டிலும் இருக்கிறது. அதைக் கேட்டவர்கள் பல்லில் கை வைப்பதே கூடாதென்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் ஈமானின் அடையாளம்தான். ஆனால் அந்த ஹதீஸில் 'அழகுக்காக' என்ற சொல்லும் சேர்ந்தே வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதை விளக்கும்போது, தடை அழகை நாடிச் செய்வதற்கே உரியது என்றும், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள்.

அர்ஃபஜா (ரழி) அவர்களின் சம்பவமும் இதற்கு ஆதாரம். குலாப் என்ற போரில் அவர் மூக்கை இழந்தார். வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தியபோது அது துர்நாற்றம் எடுத்தது. அப்போது தங்கத்தால் செய்து கொள்ளுமாறு நபியவர்களே பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராமாக இருந்தும், இழந்த உறுப்பைச் சீர்செய்யும் தேவைக்காக அது அனுமதிக்கப்பட்டது. அசையும் பல்லைத் தங்கத்தால் கட்டுவதற்கு உலமாக்கள் இதிலிருந்தே சட்டம் எடுத்தார்கள்.

ஆகவே உடைந்த பல்லைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவதும், தண்ணீரால் வந்த கறையை மறைப்பதும், ஓதவும் கதைக்கவும் தடையாக இருக்கும் பெரிய இடைவெளியை அடைப்பதும் குறையை நீக்குவதாகும். ஆரோக்கியமான பற்களை, சினிமாக்காரி ஒருத்தியின் பல்வரிசை போல வரவேண்டும் என்பதற்காக வரிசையாகச் சீவித்தள்ளி, காகிதம் போல் வெள்ளை ஓடுகளைப் பதிப்பது வேறு விடயம். அரபு நாடுகளில் இதை 'ஹொலிவூட் சிரிப்பு' என்று விளம்பரம் செய்கிறார்கள். பணமும் போகிறது, அல்லாஹ் தந்த நல்ல பல்லும் போகிறது. சிறிய இயற்கையான இடைவெளியோ, பல்லின் இலேசான மஞ்சள் நிறமோ குறையல்ல. மிளிரி இயல்பாகவே பால்வெள்ளை அல்ல. உங்கள் பிள்ளையின் நிலை இதில் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் பல் வைத்தியரையும் ஊரின் ஆலிமையும் கேட்டுத் தீர்மானியுங்கள்.

வுழூ, கடமையான குளிப்பு ஆகியவை பற்றியும் கேட்கிறார்கள். எமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது இரண்டிலும் ஸுன்னத்தே. எனவே ஒட்டிய பொருளால் அவற்றுக்குப் பாதிப்பில்லை. ஹனபி மத்ஹபில் குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது கடமை. நிலையாக ஒட்டப்பட்டு, கழற்றினால் சிரமம் உண்டாகும் பொருள் பல்லின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படும் என்று அந்த மத்ஹபின் அறிஞர்களும் விளக்கியிருக்கிறார்கள். நோன்பு காலத்தில் இந்தச் சிகிச்சையைச் செய்தால் தண்ணீர் தொண்டைக்குள் போய்விடும் அச்சமுண்டு. அவசரமில்லாத வேலையாதலால் இரவிலோ றமழானுக்குப் பிறகோ வைத்துக் கொள்வது பேணுதல்.

போகுமுன்னும் செய்த பின்னும்

முரசு வீங்கி இரத்தம் வடியும் வாயிலும், சூத்தை நிறைந்த வாயிலும் பொண்டிங் நிற்காது. முதலில் அவற்றுக்கு மருந்து செய்ய வேண்டும். தூக்கத்தில் பல் நறநறக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பல்லின் பெரும் பகுதி உடைந்து போயிருந்தால் உறையே பொருத்தம்.

பட்டணங்களிலும் கிராமங்களிலும் படிப்பில்லாத போலிப் பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள். மலிவென்று அவர்களிடம் போகாதீர்கள். இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. அரச வைத்தியசாலைகளின் பற்பிரிவில் முதலில் காட்டி ஆலோசனை பெறலாம். கடினமான நிலைமைகளுக்குக் கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. பெண் வைத்தியரிடமே காட்ட விரும்பினால் விசாரித்துப் பாருங்கள், இத்துறையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள். எத்தனை பற்கள், மொத்தச் செலவு எவ்வளவு, பல்லைச் சீவ வேண்டிவருமா, தெறித்தால் என்ன செய்வது என்பவற்றை முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

ஒட்டிய பொருள் சாயத்தை இலகுவில் உறிஞ்சும். முதல் இரண்டு நாட்களுக்குப் பிளேன்டி, கோப்பி, மஞ்சள் கூடிய கறி ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. வெற்றிலையும் சிகரட்டும் எப்போதுமே கூடாது. முன்பல்லால் எலும்பு கடிப்பது, பாக்கு உடைப்பது, நகம் கடிப்பது, போத்தல் மூடி திறப்பது, தைக்கும்போது நூலைப் பல்லால் அறுப்பது எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் நாளுக்கு இரண்டு முறை துலக்குங்கள். மிஸ்வாக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். அதன் நுனியை நன்கு ஊறவைத்து மிருதுவாக்கி, அழுத்தாமல் தேய்த்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைத்தியரிடம் காட்டுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு பெற்றோருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் பல்லைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். சாச்சி, மாமி, மச்சான் என்று யார் கேலி செய்தாலும் வீட்டிலேயே தடுத்து நிறுத்துங்கள். குடித்த தண்ணீரால் வந்த கறைக்கு அந்தப் பிள்ளை பொறுப்பல்ல. வசதியிருந்தால் சிகிச்சை செய்து கொடுங்கள். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையொன்று உங்கள் ஊரில் வாயைப் பொத்திக் கொண்டு திரிந்தால், ஸகாத், ஸதகா கொடுக்கும் தனவந்தர்கள் அந்தச் செலவைப் பற்றியும் யோசிக்கலாம். கையை எடுத்துவிட்டு அந்தப் பிள்ளை தெளிவாக ஓதுவதிலும் மனம் திறந்து சிரிப்பதிலும் கொடுத்தவருக்கும் பங்குண்டு, இன்ஷா அல்லாஹ்.